பஷீரின் இடது கால்

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஹிலால் கிளப்பின் பதினொரு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து சிகாபுதீனின் மடியில் கால் வைக்க வேண்டும். அப்படியொரு சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் கொச்சங்காடியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கட்டுப் போடாமல் களத்தில் இறங்கிய ஹிலால் அணியை ஒருவரும் கண்டதில்லை. எல்லாரும் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். கணுக்காலில் தொடங்கிப் பாதத்தின் நடுவரை துணிப்பட்டியைச் சுற்றி, விரல்களை மட்டும் வெளியே விட்டுக் கட்டினால்தான் பந்தை ஓங்கி உதைக்கும்போது கால் பிசகாது. கட்டும்போது சிகாபுதீன் வாய்க்குள் பிஸ்மி சொல்வார். கோல் காக்கிற ராசப்பன் கம்பம் ஊரிலிருந்து மூட்டை தூக்க வந்தவன், வீட்டில் முருகன் படத்துக்குச் சூடம் காட்டுகிறவன். அவனும் அந்த முணுமுணுப்பு காதில் விழாமல் காலை எடுக்கமாட்டான்.

கடைசியாக வருவது பஷீர். சிகாபுதீனின் மனைவி ஜுமைலாவுக்குத் தம்பி. தாய் தகப்பனைப் பறிகொடுத்துவிட்டுச் சின்ன வயதிலேயே அக்காள் வீட்டுக்கு வந்தவன். சிகாபுதீனுக்குப் பிள்ளை இல்லை என்பதால் அந்த வீட்டில் மைத்துனனும் அவன்தான், மகனும் அவன்தான். இடது ஓரத்தில் ஆடுவான். அவனுடைய இடது காலைப் பற்றி மட்டாஞ்சேரிச் சாயாக்கடைகளில் நடந்த பேச்சைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பண்டகசாலை நிறைந்திருக்கும். அந்தக் கால் மடியில் வந்து விழும்போது சிகாபுதீனுக்கு ஒரு கர்வம் வரும். பந்தை உதைக்கிறது பஷீர்தான், ஆனாலும் அது தன் கால் என்றே அவர் நினைத்திருந்தார்.

அவரைக் கிளப்புக்கு மானேஜர் ஆக்கியவர் பெரிய ராவுத்தர். ஜூ டவுன் போகும் வழியில் அவருக்குச் சுக்குப் பண்டகசாலை இருந்தது. சிகாபுதீன் அங்கே எடை போடுகிறவர். சாயங்காலம் சுக்கு காய்கிற பாய்களைச் சுருட்டிய பிறகு அதே முற்றத்தில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். ஒருநாள் ராவுத்தர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “சிகாபு, இந்தப் பயலுவள நீ பாத்துக்க” என்றார். நியமன உத்தரவு அவ்வளவுதான். அதை நம்பித்தான் அவர் இத்தனை வருஷமாக மானேஜர்.

கிளப் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தது என்று இங்கே அளக்க முடியாது. பஷீர் ஒருவன் எத்தனைதான் ஓடுவான்? இரண்டு பருவமாகத் தோல்விமேல் தோல்வி. சிகாபுதீனுக்கு யாரை எங்கே நிறுத்துவது என்பதில் எப்போதும் குழப்பம். முதல் நாள் ஒன்று சொல்வார், மறுநாள் பள்ளிவாசலிலிருந்து வரும்போது அதை மாற்றிவிடுவார். ஆனால் தோற்றுவிட்டு வருகிறவர்களுக்குத் தன் வீட்டில் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் கொடுத்து, அடுத்த ஆட்டத்துக்குத் திரும்பக் காலில் கட்டுப் போட்டு அனுப்புவார். பெரிய ராவுத்தர் உயிரோடு இருந்தவரை அது போதுமானதாக இருந்தது.

அவர் மௌத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த கையோடு, மதராஸில் படித்துவிட்டு வந்த மகன் சின்ன ராவுத்தர் கிளப்பில் கை வைத்தார். சாயாக்கடைப் பின்கட்டில் கிடந்த கிளப், பண்டகசாலை மாடிக்குப் போனது. பெஞ்சு வந்தது. பீடி போனது. விடிகாலையில் ஆளுக்கு இரண்டு முட்டை வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொழும்பில் பெரிய கிளப்பில் ஆடிவிட்டுத் திரும்பியிருந்த மஜீத் வந்தான். முப்பது வயது, கழுத்தில் விசில், கால்சட்டையில் மடிப்புக் கலையாத ஆள்.

சின்ன ராவுத்தர் சிகாபுதீனை மாடிக்குக் கூப்பிட்டு, மஜீத் கொஞ்ச நாள் பார்க்கட்டும், நீங்களும் கூட இருங்கள் என்றார். கூட இருங்கள் என்றால் என்ன அர்த்தம்? மானேஜராகக் கூட இருப்பதா, மானேஜருக்குக் கூட இருப்பதா? சுக்கை நிறுக்கும்போதும் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு அதையே யோசித்தார். வீட்டில் வந்து ஜுமைலாவிடம் கேட்டார்.

“கூட இருங்கன்னா கூட இருக்கறதுதான்” என்றாள் அவள். “இதுல ஆராய என்ன இருக்கு? அந்த மஜீது தம்பி நல்ல பிள்ளையாக்கும். நேத்திக்கு வாசல்ல நின்னு சலாம் சொல்லிட்டுத்தான் போச்சு.”

அன்று சிகாபுதீனுக்குச் சோறு இறங்கவில்லை.

மஜீதிடம் குறை கண்டுபிடிக்க அவர் படாத பாடு பட்டார். மாடியில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தது. அதில் மஜீத் உட்கார்ந்திருந்தாலாவது பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கலாம். அவனோ இவர் தலையைக் கண்டதும் எழுந்து, “இருங்க காக்கா” என்று அண்ணன் முறை சொல்லி அதை இழுத்துப் போடுவான். அந்த மரியாதைதான் அவருக்கு வயிற்றெரிச்சலைக் கூட்டியது. சரி, கெட்டவனாக இல்லாவிட்டாலும் ஆட்டம் தெரியாதவனாக இருக்கக் கூடாதா? அதுவும் இல்லை. யாரை எங்கே நிறுத்துவது என்று ஒருமுறைதான் சொல்வான். சொன்னது சொன்னதுதான். அந்தப் பருவத்தில் ஹிலால் முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தது. கட்டுப் போடும் வேலை மட்டும் இன்னும் சிகாபுதீன் கையில் இருந்தது. மூழ்குகிறவன் பலகையைப் பிடித்த மாதிரி அவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பஷீர் மாறிப்போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் இருட்டியதும் வீட்டுக்கு வந்து, அன்றைய ஆட்டத்தைக் கப்பைத் தட்டைத் தள்ளிவைத்துத் தரையில் வரைந்து காட்டுவான். இப்போது மஜீதோடு முற்றத்திலேயே நிற்கிறான். சுவரில் கரிக்கோடு போட்டு அதே இடத்தில் பந்தை அடித்துக்கொண்டே இருக்கிறான். பிறகு கிளப் மாடியிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தான். வீட்டுக்கு வந்தாலும் வாயைத் திறந்தால் மஜீத் காக்கா அப்படிச் சொன்னார், மஜீத் காக்கா இப்படிச் செய்தார். ஜுமைலா கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். சிகாபுதீன் கிணற்றடிக்குப் போய்த் தேவையில்லாமல் கால் கழுவுவார். தனக்கு வந்திருப்பது பொறாமை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரிந்தது. பல்வலிக்காரனுக்குத் தன் பல் தெரிகிற மாதிரி எந்த நேரமும் தெரிந்தது.

பிறகு பூட்ஸ் விவகாரம் வந்தது.

பெரிய கிளப்புகள் எல்லாம் பூட்ஸுக்கு மாறிவிட்டன, நாம் மட்டும் எத்தனை நாள் வெறுங்காலோடு நின்று மிதி வாங்குவது என்று மஜீத் சொல்ல, சின்ன ராவுத்தர் மதராஸிலிருந்து வரவழைக்கச் சம்மதித்தார். அளவு எடுக்க வேண்டும். சிகாபுதீன் எடைக் களத்திலிருந்து மேலே வந்தபோது பஷீர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கீழே மஜீத் மண்டியிட்டிருந்தான். தரையில் விரித்த காகிதத்தின்மேல் பஷீரின் இடது காலைப் பிடித்து வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். கூச்சத்தில் பஷீர் சிரித்தான். அசையாதே என்று மஜீத் அவன் கணுக்காலில் செல்லமாகத் தட்டினான்.

சிகாபுதீனுக்குக் காதெல்லாம் சூடேறியது. தன் வீட்டுப் பெட்டியை ஊரான் திறந்து கை விட்டுத் துழாவுவதைப் பார்த்தது போல இருந்தது. வந்த வேலை மறந்துபோய் அப்படியே திரும்பிப் படியிறங்கினார்.

பூட்ஸ் வந்தது. முதல் வாரம் எல்லாரும் வாத்து மாதிரி நடந்தார்கள். கொச்சங்காடியே சிரித்தது. சிகாபுதீனும் மனசார, பல நாளுக்குப் பிறகு, சிரித்தார். ஆனால் மூன்றாம் வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தோல் பழகிக் கொடுத்தது. பஷீர் அடித்த பந்து சுவரில் மோதிய சத்தம் எடைக் களம்வரை கேட்டது. வெறுங்காலில் அந்தச் சத்தம் வந்ததே இல்லை.

அடுத்து வரவிருந்தது தீவுக்காரர்களோடு ஆட்டம். வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்களின் அணி. ஹிலால் அவர்களை ஜெயித்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. சின்ன ராவுத்தர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஒரு வீட்டுக்கு இரண்டு எஜமான் இருக்க முடியாது, இந்த ஆட்டம் முடியட்டும், அதற்குப் பிறகு கிளப் யார் கையில் என்பதை முடிவு செய்துவிடலாம் என்றார். மஜீத் தலையை ஆட்டினான். சிகாபுதீனும் ஆட்டினார். ஜெயித்தால் தன் கதை முடிந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தன் கிளப் தோற்க வேண்டும் என்று அவர் தொழுகையில் துஆ கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கே பெரும்பாடு பட்டார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் ராசப்பன்தான் ஆரம்பித்தான். பயிற்சிக்கு வெறுங்காலில் பூட்ஸ் மாட்டியது சரி, நாளைக்கு நடக்கப்போவது ஆட்டமாயிற்றே, கட்டு எப்போது போடுவது என்று கேட்டான். மஜீத் சிரித்துக்கொண்டே, பூட்ஸ் போட்ட காலுக்குக் கட்டு எதற்கு என்றான். யாரும் சிரிக்கவில்லை.

“கட்டு இல்லாம எறங்குனா அது நம்ம காலு மாதிரியே இருக்காதுண்ணே” என்றான் ராசப்பன். பின்வரிசையில் ஆடுகிற வீரபாண்டியும் ஆமாம் என்றான். பிஸ்மி இல்லாமல் எப்படி இறங்குவது என்று அணியிலிருந்த முஸ்லிம் பையன்கள் கேட்டார்கள். பஷீர்கூட மச்சானைப் பார்த்தான்.

வெறுங்காலுக்கு அளவெடுத்த பூட்ஸ் அது. உள்ளே துணி சுற்றினால் கால் நெரியும் என்பதைச் சொல்ல மஜீதே வேண்டியதில்லை, சிகாபுதீனே சொல்லியிருக்கலாம். அவர் சொன்னால் பையன்களும் கேட்டிருப்பார்கள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மஜீதின் முகத்தில் முதன்முறையாகத் தடுமாற்றத்தைப் பார்த்தார். அது தேனாக இனித்தது.

“வழக்கத்த மாத்தப்படாது” என்றார்.

பையன்களின் மனசை ஆட்டத்துக்கு முதல் நாள் கலைக்க மஜீதுக்கு விருப்பமில்லை. “சரி காக்கா, லேசா ஒரு சுத்து மட்டும் போடுங்க” என்று விட்டுக்கொடுத்தான்.

பரேடு மைதானத்து மழைமரங்களுக்கு அடியில் மறுநாள் சிகாபுதீன் முக்காலி போட்டு உட்கார்ந்தார். வானம் கறுத்திருந்ததே தவிர மழை இறங்கவில்லை. பக்கத்தில் ஜுமைலா துவைத்துச் சுருட்டிக் கொடுத்த பட்டிகள். ராசப்பன் வந்தான். வீரபாண்டி வந்தான். எல்லாருக்கும் சொன்னபடி லேசாகத்தான் சுற்றினார். அதில் சூது ஒன்றும் இல்லை. கடைசியில் பஷீர் வந்து வலது காலை வைத்தான், முடிந்தது. இடது காலை வைத்தான்.

வைத்தவன் இவரைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி மஜீதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து மஜீத் கையால் ஏதோ கோணம் காட்டினான், இவன் புரிந்துகொண்டு சிரித்தான். மடியில் கிடக்கிற கால் தன்னுடையது இல்லை என்று சிகாபுதீனுக்கு அப்போது தோன்றியது. பட்டியைச் சுற்றினார். அதன்மேல் உபரியாகக் கிடந்த இன்னொரு பட்டியை எடுத்து, அதையும் சுற்றினார். இறுக்கினார். பிஸ்மி சொல்ல வாய் வரவில்லை. பஷீரும் கவனிக்கவில்லை. பூட்ஸுக்குள் காலைத் திணித்தபோதுதான் முகம் சுளித்தான்.

“கொறச்சு இறுக்கமா இருக்கு மச்சான்.”

“ஓடுனா சரியாப்போகும்” என்றார் சிகாபுதீன்.

சரியாகவில்லை. மற்றவர்கள் முள்ளில் நடக்கிற மாதிரி ஓடினார்கள். பஷீர் ஓடவே இல்லை, இழுத்து இழுத்து நடந்தான். தோதாக வந்த பந்து ஒன்றை இடது காலால் அடித்தான், அது எதிரியின் கோலுக்குப் போகாமல் கடலைக்காரன் கூடைக்குப் போனது. தீவுக்காரர்கள் கூட்டம் சீட்டியடித்தது. இடைவேளைக்குள் அவர்கள் ஒரு கோல் போட்டிருந்தார்கள்.

எல்லாரும் மரத்தடியில் விழுந்து பூட்ஸைக் கழற்றி எறிந்தார்கள். பஷீர் மட்டும் தள்ளிப்போய் இன்னொரு மரத்தின் பின்னால் உட்கார்ந்து கழற்றினான். சிகாபுதீன் பதறிக்கொண்டு போனார். அந்தப் பதற்றம் நிஜமானதுதான். விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. அவர் கை நீட்டுவதற்குள் பஷீரே கட்டை அவிழ்த்தான். ஒரு பட்டி அவிழ்ந்து வந்தது. அடியில் இன்னும் வெள்ளைத் துணியே தெரிந்தது. இரண்டாவது பட்டியின் நுனியைக் கண்டுபிடித்து அதையும் அவிழ்த்தான். இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மச்சானை நிமிர்ந்து பார்த்தான்.

சிகாபுதீன் ஏதாவது சொல்லியிருக்கலாம். பட்டி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்றோ, கிழவனுக்குக் கண் தெரியவில்லை என்றோ. பஷீர் ஒரு பட்டியைச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மற்றதைப் புல்லில் போட்டுவிட்டு, விந்திக்கொண்டே எழுந்து போனான்.

பின்பாதியில் ஹிலால் வெறுங்காலோடு ஆடியது. ஆத்திரத்தில் ஆடியது என்றும் சொல்லலாம். வீரபாண்டி முட்டித்தள்ளி ஒன்று போட்டான். முடியப்போகிற நேரத்தில் பஷீர் இரண்டு பேரை வெட்டிக் கடந்து இடது காலால் அடித்த பந்து வலையை ஆட்டியது. கொச்சங்காடியிலிருந்து வந்த கூட்டம் களத்துக்குள் பாய்ந்து சிகாபுதீனைத் தோளில் தூக்கியது. பழைய கால்தான் ஜெயித்தது, பழைய மானேஜர்தான் ஜெயித்தார் என்று ஆட்டம் போட்டார்கள். தோளில் இருந்தபடி அவர் பஷீரைத் தேடினார். அவன் தண்ணீர்க் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

மஜீத் சின்ன ராவுத்தரிடம் வந்தபோது சிகாபுதீன் பக்கத்தில்தான் நின்றார், கால் கழுவிவிட்டு வந்த பஷீர் கொஞ்சம் தள்ளி நின்றான்.

“என் தப்புதான்” என்றான் மஜீத். “அளவு பாத்து வாங்கினது நான். பையங்க கால் என்னமா வீங்கியிருக்கு, பாருங்க. காக்கா ஜெயிச்சுக் கொடுத்துட்டாரு.”

அவன் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். சிகாபுதீன் கையைக் கொடுத்தார். வாயைத் திறக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் மஜீத் மதராஸ் ரயில் ஏறினான். சின்ன ராவுத்தர் சிகாபுதீனைக் கூப்பிட்டு, இனி நீங்கதான் மானேஜர், சந்தேகமே வேண்டாம் என்றார். கை வைத்த நாற்காலி அவருக்கானது. பூட்ஸ் எல்லாம் சாக்கில் கட்டிச் சுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போடப்பட்டது.

வீட்டில் ஜுமைலா பட்டிகளைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, ஒன்று குறைகிறதே என்றாள். காற்றில் போயிருக்கும் என்றார். பஷீர் ஏன் வீட்டுக்கு வருவதே இல்லை என்றும் கேட்டாள். மாடியில் காற்று நன்றாக வருகிறதாம் என்றார். இரண்டுக்கும் காற்றையே பதிலாகச் சொன்ன மனிதரை அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மழைக்காலம் கழிந்து அடுத்த ஆட்டம் வந்தது. அதே மரத்தடி, அதே முக்காலி. இந்த முறை சிகாபுதீன் சந்தேகமில்லாத மானேஜர். ராசப்பன் வந்து கால் வைத்தான். ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் பஷீர் வந்தான். காலில் பூட்ஸ் போட்டிருந்தான். சாக்கிலிருந்து தன் ஜோடியை மட்டும் எப்போதோ எடுத்து எண்ணெய் போட்டுப் பழக்கி வைத்திருக்கிறான். கட்டு இல்லை. கயிறு ஒழுங்காக முடியப்பட்டிருந்தது.

“கால வைடா” என்றார் சிகாபுதீன். குரல் கெஞ்சுவது அவருக்கே கேட்டது.

பஷீர் பையிலிருந்து எதையோ எடுத்து அவர் மடியில் வைத்தான். துவைத்து, மடித்து, சுருட்டிய பட்டி. ஜுமைலாவின் கை இல்லை அது. அவனே துவைத்திருக்கிறான்.

“அக்காகிட்ட நான் ஒண்ணும் பறையல மச்சான். பறையவும் மாட்டேன்” என்றான். “கால் நொந்ததுகூடப் போகட்டும். தன் தப்புன்னு அந்த மனுஷன் சொன்னப்ப, நீங்க கூடத்தானே நின்னீங்க.”

சொல்லிவிட்டு ஓடினான். பூட்ஸ் மண்ணைக் கொத்திக்கொண்டு போனது. அன்று அவன் ஆடிய ஆட்டத்தைக் கொச்சங்காடி பல வருஷம் பேசியது. கரிக்கோடு போட்ட சுவரில் பழகிய அதே அடி, அதே சத்தம். மஜீத் எங்கேயோ மதராஸில் இருந்தான், ஆனால் கால் அவன் சொன்னபடி ஆடியது. கூட்டம் எழுந்து கூவிற்று. சிகாபுதீன் முக்காலியை விட்டு எழவில்லை. வயிறு பழையபடியே எரிந்தது. பாதி ஆட்டம்வரை அந்தப் பட்டியை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தார். இடைவேளையில் வீரபாண்டி வந்து, சாக்கிலிருந்து தனக்கும் ஒரு ஜோடி எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டான்.